மழை விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில், தருமபுரத்துக்கு அருகே வசிக்கிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு என் அம்மாவின் குடும்பம் மலையகத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியது. பெரியம்மா குடும்பம் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. கடந்த நவம்பரில் டித்வா புயலின்போது, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் மேல் மண் சரிந்து, பெரியம்மாவின் மகளான என் அக்கா, கணவரையும் இளைய மகனையும் பறிகொடுத்துவிட்டார். அத்தானின் உடல் கிடைத்தது. பெறாமகன் இன்னும் கிடைக்கவில்லை. அக்காவும் மூத்த மகளும் இப்போது உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். பாதையெல்லாம் உடைந்து கிடந்ததால் செத்தவீட்டுக்கு நாங்கள் போகவில்லை. ஒருமுறை தொலைபேசி எடுத்தேன். "சொல்லு தங்கச்சி" என்றார். எனக்கு வாய் வரவில்லை. மழை விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகு எடுக்கவே பயமாக இருக்கிறது.

என் கணவர், "நாங்கள் 2009 இறுதிப்போரில் படாத பாடா? நாங்கள் எழும்பவில்லையா? அதைச் சொல்லித் தைரியம் கொடு" என்கிறார். ஊர்ப் பொடியன்கள் உடுப்புச் சேர்த்து லொறியில் அனுப்புகிறார்கள். எங்கள் வயலும் வெள்ளத்தில் போய்விட்டது, கையில் காசில்லை. மகனுக்குக் கிரியை செய்யும்படி அக்காவிடம் சொல்லச் சொல்லி உறவினர்கள் என்னை நெருக்குகிறார்கள். நான் என்ன சொல்வது? போவதா, வேண்டாமா? இன்னொன்று: தகரத்தில் மழை விழுந்தால் எனக்கும் இப்போது நித்திரை வருவதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று மாலையே தொலைபேசி எடுங்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழை விட்டதா என்று கேட்டதை நீங்கள் பெரிய குற்றமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது குற்றமே இல்லை. மலை சரிந்து வீடு போன ஒருத்தியிடம் மழையைப் பற்றி விசாரிப்பது அவருக்கு மிக நெருக்கமான கேள்வி. சிக்கல் கேள்வியில் இல்லை, அதன் பிறகு வந்த மௌனத்தில் இருக்கிறது. வாரக்கணக்கில் உங்களிடமிருந்து சத்தமில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அக்காவுக்குத் தெரியாது. தோட்டத்துச் சனம், கஷ்டப்பட்ட சனம், உதவி கேட்டுவிடுவோம் என்று ஒதுங்குகிறார்களோ என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படி நினைக்க அதிக நேரம் தேவைப்படாது.

எடுத்ததும் இப்படித் தொடங்கலாம்: "அக்கா, நான்தான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்." அதற்குப் பிறகு பேசாமல் இருங்கள். அவர் அழுதால் அழட்டும். "அழாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் பெரும்பாலும் கேட்கிறவருடைய வசதிக்காகச் சொல்லப்படுவது. நம் அம்மம்மாக்கள் செத்தவீட்டில் ஒப்பாரி வைத்து, கட்டிப்பிடித்து, மாரில் அடித்து அழுதார்கள். யாரும் யாரையும் நிறுத்தச் சொன்னதில்லை. உளநல ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அந்தக் கிழவிகள் மீது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

பேச்சு நின்றுபோனால் சின்னக் கேள்விகளைக் கேளுங்கள். இன்றைக்குச் சாப்பிட்டீர்களா, என்ன சாப்பிட்டீர்கள்? இரவில் எங்கே படுக்கிறீர்கள்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மகள் பள்ளிக்கூடம் போகிறாளா? "எப்படி இருக்கிறீர்கள்" என்பதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. "இரவில் போர்த்திக்கொள்ள என்ன இருக்கிறது" என்பதற்குச் சொல்ல முடியும். சொல்லத் தொடங்கினால் மற்றது தானாக வரும்.

அத்தானையும் பெறாமகனையும் பெயர் சொல்லிக் கதையுங்கள். பெயரை எடுத்தால் ஞாபகப்படுத்தி வேதனைப்படுத்திவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அக்கா அவர்களை மறந்திருக்கும் நேரம் ஒன்று இருந்தால்தானே ஞாபகப்படுத்துவதற்கு? கடைசி நாளைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்றில்லை. பொடியன் சின்ன வயதில் தருமபுரத்துக்கு வந்து உங்கள் வீட்டில் நின்றிருந்தால், அப்போது செய்த குழப்படி ஒன்றைச் சொல்லுங்கள். அவன் உங்களுக்கும் பிள்ளைதான் என்பது அக்காவுக்கு அதில் தெரியும்.

அடுத்து, உங்கள் கணவர் சொன்னது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அதைச் சொல்ல வேண்டாம், குறைந்தது இப்போது வேண்டாம். வன்னியில் இருக்கிற நாம் எல்லோரும் ஏதோ ஒன்றைப் பறிகொடுத்தவர்கள். அந்த அனுபவம் நமக்கு ஒரு அதிகாரத்தைத் தந்துவிட்டதாக நினைக்கிறோம். மற்றவருடைய இழப்பைக் கேட்டதும் நம் இழப்பை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறோம். பல சமயம் அது "நீங்கள் பட்டது பெரிதில்லை" என்றுதான் போய்ச் சேருகிறது. 2009 ஐ அக்காவாகவே கேட்கட்டும். "நீங்களெல்லாம் எப்படித் தாங்கினீர்கள் தங்கச்சி?" என்று ஒருநாள் கேட்கக் கூடும். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எழும்பி நின்ற கதையை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். எழும்ப முடியாமல் கிடந்த மாதங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் 2009 இலிருந்து அக்காவுக்கு உதவக்கூடிய ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். போர் முடிந்து மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்கு உள்ளே இருந்த நாட்களில் நம்மைப் புண்படுத்திய கேள்விகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஏன் போனீர்கள்? முன்னமே வெளிக்கிட்டு வந்திருக்கலாமே?" கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது இயல்பான கேள்வியாக இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு, பிள்ளையைச் சாகக் கொடுத்தது நீங்கள்தான் என்று சொன்னதுபோல இருந்தது.

இப்போது அதே கேள்வி மலையகத்தை நோக்கிப் போகிறது. "மண் சரியும் என்று அறிவித்தார்கள்தானே? ஏன் எழும்பிப் போகவில்லை?" பத்திரிகையில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள், நாளைக்கு உங்கள் வீட்டுத் திண்ணையிலும் யாராவது கேட்பார்கள். பதில் சொல்லக்கூடியவர் நீங்கள்தான், ஏனென்றால் உங்கள் அம்மா அங்கே பிறந்தவர். லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். எழும்பிப் போவதென்றால் போய் நிற்க ஒரு துண்டுக் காணி வேண்டும். பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்களுக்கு அது இன்றைக்கும் இல்லை. 2014 அக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, மாற்றுக் காணி வரவில்லை. இந்த முறை, 2025 நவம்பரின் கடைசி நாட்களில், கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலை முழுவதும் ஒரே நேரத்தில் சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். இரவில் அந்த மழைக்குள் எந்தப் பக்கம் ஓடியிருந்தால் தப்பியிருக்கலாம் என்பதைப் பகலில் இருந்துகொண்டு நாம் சொல்ல முடியாது.

அக்காவின் மனதுக்குள் இந்தக் கேள்வி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். "அன்றைக்கு நான் அவனைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தால்" என்ற மாதிரி ஏதாவது சொன்னால், "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள்" என்று வாயை அடைக்காதீர்கள். முழுவதையும் சொல்ல விடுங்கள். சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: "உங்களுக்கு அப்போது தெரிந்ததை வைத்துத்தானே அக்கா செய்தீர்கள்." அடுத்த முறையும் அதே கதையைச் சொல்வார். அதற்கடுத்த முறையும் சொல்வார். பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர் சொல்லாததைத் தோண்டி எடுக்க வேண்டாம். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் சுகமாகிவிடும் என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த நம்பிக்கையோடுதான் எத்தனையோ பேர் கடற்கரைகளுக்கு வந்து, பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து அலையை வரையச் சொன்னார்கள். நடந்ததை ஒரே தடவையில் விவரமாகச் சொல்லவைக்கும் அந்த முறை பலன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்பதால் அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. இப்போது உளவியல் முதலுதவி என்று நாங்கள் கற்பிப்பது மிக எளிமையானது. என்ன தேவை என்று பார்ப்பது, சொல்வதைக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது, அவ்வளவுதான். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம். தங்கை போதும்.

கிரியை விஷயத்துக்கு வருகிறேன். உறவினர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அந்தச் செய்தியை அக்காவிடம் நான் கொண்டுபோக மாட்டேன் என்று. உடல் கிடைக்காத மரணம் வேறு வகையான துக்கம். அதைப் பற்றி வன்னிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் "திவசத்தைச் செய்துவிடுங்கள்" என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவின் நிலை அதிலிருந்து வேறுபட்டது, அவருக்கு மலை சரிந்தது தெரியும். ஆனாலும் மகன் போய்விட்டான் என்று புத்தி சொல்வதும், காலடிச் சத்தம் கேட்டால் கண் வாசலுக்குப் போவதும் ஒரே ஆளுக்குள் ஒன்றாக நடக்கும். அதைப் பைத்தியம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

கிரியை செய்ய வேண்டும் என்று அவர் தாமாகக் கேட்கும் நாளில் வழி இருக்கிறது. உடல் இல்லாதபோது தர்ப்பையில் உருவம் செய்து தகனக் கிரியை செய்யும் மரபு சைவத்தில் உண்டு, ஐயரிடம் கேட்டால் விளக்குவார். அரசாங்கப் பதிவு என்பது தனி அலுவல். நிவாரணம், வங்கிக் கணக்கு, பிள்ளையின் பாடசாலை என்று எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு காகிதம் கேட்பார்கள். சுனாமிக்குப் பிறகு உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவதற்கென்றே 2005 இல் ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. மூத்த மகளிடம் மெதுவாகக் கேளுங்கள், கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அத்தானுடைய பதிவும் தம்பியுடைய பதிவும் எந்த நிலையில் இருக்கின்றன என்று. காகிதத்துக்குக் கையெழுத்து வைப்பதையும் நம்பிக்கையைக் கைவிடுவதையும் அக்கா ஒன்றாக நினைத்தால், அவசரப்படுத்தாதீர்கள். எந்த வரிசையில் நிற்க வேண்டும், என்ன பிரதி எடுக்க வேண்டும் என்பதில் முகாம் கண்ட நமக்கு இருக்கும் அனுபவம் அங்கே உண்மையிலேயே பெறுமதியானது. துணைக்குக் கூடப் போகலாம்.

ஆமாம், போங்கள் என்றுதான் சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் கடந்துவிட்டதே, இனிப் போய் என்ன என்று யோசிக்காதீர்கள். செத்தவீட்டில் சனம் நிறைந்திருக்கும். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்த மறுநாள் கதிரைகளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வீடு வெறுமையாகும். அதற்குப் பிறகு வருகிறவர்களைத்தான் விரல்விட்டு எண்ணலாம். ஏ9 வீதியின் ஒரு முனை கண்டியில் இருக்கிறது. உங்கள் அம்மா இந்தப் பக்கம் வந்த தூரத்தை நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். மலையகப் பாதைகள் பல இடங்களில் அடிபட்டவை, ஆகவே கண்டிக்கு அப்பால் பஸ் எதுவரை ஓடுகிறது என்று முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பதுளைப் பக்கம் பலத்த மழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். போகிற வீடும் சின்ன வீடு, அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் கூடுதலாக இருக்கிறார்கள். நீங்களும் கணவரும் பிள்ளைகளும் என்று ஒரு வான் பிடித்துப் போய் இறங்கினால் அந்த வீட்டுக்காரர்தான் பாவம். தனியாகப் போய் இரண்டு மூன்று நாள் நில்லுங்கள். சமையலில் ஒரு கை கொடுங்கள், உடுப்புத் தோய்த்துக் கொடுங்கள், இரவில் அக்காவுக்குப் பக்கத்தில் பாயைப் போடுங்கள்.

கையில் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வயல் அழிந்தவரிடம் யாரும் பணப்பொதியை எதிர்பார்க்க மாட்டார்கள். வீட்டில் பழைய நெல் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் குற்றி, அந்த அரிசியில் இரண்டு கொத்து கொண்டுபோங்கள். கணவருக்கும் மகனுக்கும் படைக்க ஒரு பிடி சோறு அதில் ஆக்கலாம். அதைவிட முக்கியமாக, மாதம் ஒரு நூறு ரூபாய்க்காவது அக்காவின் தொலைபேசிக்கு ரீலோட் போட்டுவிடுங்கள். யாரும் கடனாக நினைக்காத சின்ன உதவி அது, அவர் நினைத்த நேரம் உங்களைக் கூப்பிடலாம்.

ஊர்ப் பொடியன்களின் லொறிக்கும் ஒரு வார்த்தை. அவர்களை உற்சாகம் குலையாமல் திருத்துங்கள், வன்னியிலிருந்து மலைக்கு ஒரு லொறி போவதே பெரிய விஷயம். ஆனால் உடுப்புக் குவியலை ஒருமுறை கையால் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தான் போன சேர்ட், ஒற்றைச் சப்பாத்து, கலியாண வீட்டுக்குக் கட்டிய ஜரிகைச் சேலை, அடியில் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த பொதி. நிவாரண முகாமில் வாங்கிப் பார்த்த கைகளுக்கு இது புதிதல்ல. இன்னொரு கோளாறு, நாம் அனுப்புகிற உடுப்பெல்லாம் கிளிநொச்சி வெயிலுக்கு ஏற்றவை. தோட்டப்பக்கம் இரவில் பல் கிடுகிடுக்கும். கம்பளிச் சட்டை, தடித்த போர்வை, காலுறை தேவை. புதிய உள்ளாடை, பெண்களுக்கான நாப்கின், கொப்பி, பாடசாலைப் பை, செருப்பு இவற்றை யாரும் பழசாகக் கொடுக்க முடியாது, காசு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். வயதானவர்களின் மூக்குக்கண்ணாடி மண்ணோடு போயிருக்கும், அதை ஒருவரும் கேட்பதில்லை. லொறி வெளிக்கிட முன் அங்கே உள்ள யாராவது ஒருவரிடம், பாடசாலை அதிபரிடமோ கோயில் நிர்வாகத்திடமோ, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். பருப்புப் பொதியின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறு முனையை வாங்குபவரும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கும் அந்தப் படம். நாமும் அப்படி நின்றிருக்கிறோம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பொதியைப் பார்த்தோம். காசு கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பொதிகளை அடுக்கிவைத்துப் படமெடுக்கட்டும், ரசீதுகளை எடுக்கட்டும். சனத்தின் முகம் வேண்டாம். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் இறந்தவரைவிட அஞ்சலி செலுத்துகிறவர்களின் படம் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டதால் இதுவும் நமக்கு உறுத்துவதில்லை போலிருக்கிறது.

போய் வந்த பிறகு கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்த பிறகு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஞாயிறும் எடுங்கள். பொடியனுடைய பிறந்தநாள், தீபாவளி, அடுத்த கார்த்திகை மாரி, இந்த நாட்களில் கட்டாயம் எடுங்கள். அக்கா சாப்பாட்டை வெறுத்துப் பல வாரமாகப் படுத்தே கிடந்தாலோ, "நானும் அவர்களோடு போயிருக்கலாம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாலோ, பக்கத்து வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகும்படி மகளிடம் சொல்லுங்கள். சாவதைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்று அக்காவிடம் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

கடிதத்தின் கடைசி வரியில் உங்கள் நித்திரையைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போகிற போக்கில் வாசிக்கக்கூடிய வரியாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கலாம், வயல் போயிருக்கிறது, பெறாமகன் போயிருக்கிறான், அடியில் 2009 கிடக்கிறது. தகரத்தில் மழை விழும்போது உடம்பு விழித்துக்கொள்வதில் வியப்பில்லை. இத்தகைய பயம் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் மெல்லத் தணியும். உங்களுக்கு ஏற்கெனவே அதற்கு மேலாகிவிட்டது. மழை இல்லாத இரவிலும் நித்திரை வராவிட்டால், பகலில் வேலை ஓடாவிட்டால், பிள்ளைகளோடு காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, காலையில் போய்த் துண்டு எடுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. "நாங்கள் எழும்பவில்லையா" என்று அடிக்கடி சொல்கிறவர்களோடும் எனக்குக் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கும். வைத்தியசாலைக்குப் போய் வந்த பிறகு பதுளைப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். தொலைபேசியை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம்.